நீடித்துழைக்கும் சலவை இயந்திரமும் துணிக்கேற்ற சுழற்சியும்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது எம் முன்னோர் வாக்கு. கசக்குதல் எளிது, கசக்கியதை உலர்த்துவதே மலைநாட்டில் பெரும்பாடு. கண்டி மாநகருக்கு வடகிழக்கே சில மைல் தொலைவில், குன்றுகளிடையே அமைந்த மடவளையில் வாழ்வோர் இதனை நன்கு அறிவர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள கண்டிப் பிரதேசத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்று மழை கொணர்கிறது; ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை அதனினும் கனமானது. அந்நாட்களில் கொடியில் இட்ட துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கும். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையும், பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் சாரமும், தாய்மாரின் அபாயாவும் சேலையும் விடியுமுன் உலர்ந்திருத்தல் வேண்டுமே!

இக்காரணத்தாலேயே சலவை இயந்திரம் இன்று ஆடம்பரப் பொருள் என்ற பெயரை இழந்து வருகிறது. சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் ஹான்ஸ் ரொஸ்லிங் 2010 ஆம் ஆண்டில் ஆற்றிய உரையொன்றில், தம் தாயார் இயந்திரத்தில் துணிகளை இட்டபின் தம்மை நூலகத்துக்கு அழைத்துச் சென்றதை நினைவுகூர்ந்தார். துணி துவைப்பதிலே கழிந்த பொழுது, புத்தகம் படிக்கும் பொழுதாக மாறிற்று என்பது அவர் கருத்து. அத்தகைய பொழுதை வாங்கித் தரும் பொருள் ஈராண்டில் பழுதுற்று மூலையில் கிடப்பின், நட்டம் பணத்தோடு நில்லாது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில், ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மாற்று விகிதம் சில மாதங்களில் 350 ரூபாவைக் கடந்ததை நாம் மறந்திலோம். இறக்குமதிப் பொருளை அடிக்கடி மாற்றுதல் நடுத்தரக் குடும்பத்துக்கு இயலாத காரியம் என்பதை அந்த ஆண்டு நன்கு உணர்த்திற்று. ஆதலின், வாங்குமுன் சிறிது ஆராய்தல் நன்று.

சுழற்சியின் உண்மை

கடைக்குச் செல்வோர் கண்ணில் முதலிற் படுவது நிமிடத்துக்கு 1000, 1200, 1400 சுற்று என்னும் எண்ணே. எண் பெரிதாயின் இயந்திரமும் சிறந்ததென எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. தொட்டி வேகமாகச் சுழலும்போது அதன் சுவர் துணியைத் தடுத்து நிறுத்துகிறது. நீரோ துளைகளின் வழியே வெளியேறிவிடுகிறது. இவ்விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும். அதாவது, வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 24 சென்ரிமீற்றர் ஆரமுள்ள தொட்டி 600 சுற்றில் சுழல்கையில், துணிமேல் செயற்படும் விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ 97 மடங்கு. 1000 சுற்றில் 268 மடங்கு. 1400 சுற்றிலோ 526 மடங்கு!

இத்துணை விசையால் நாம் பெறும் பயன் யாது? ஒரு கிலோ உலர்ந்த பருத்தித் துணி, 800 சுற்றில் பிழியப்பட்ட பின் ஏறத்தாழ 700 கிராம் நீரைத் தன்னகத்தே வைத்திருக்கும். 1000 சுற்றில் 600 கிராம். 1400 சுற்றில் 500 கிராமை அண்மிக்கும். ஐந்து கிலோ துணிக்கு 1000 இலிருந்து 1400 சுற்றுக்கு ஏறுவதால் மிஞ்சுவது அரை லீற்றர் நீர் மட்டுமே. அதன்பொருட்டுத் துணியும் இயந்திரமும் இருமடங்கு விசையைத் தாங்க வேண்டியுள்ளது. எனவே, 1200 சுற்றுவரை செல்லவல்ல இயந்திரத்தை வாங்கி, சாதாரண நாட்களில் 800 முதல் 1000 சுற்றுவரை பயன்படுத்தி, அடைமழைக் காலத்தில் தடித்த துணிகளுக்கு மட்டும் 1200 சுற்றை நாடுவதே எமது இல்லங்களுக்குப் பொருந்தும்.

துணிக்குத் துணி வேறுபாடு

எல்லாத் துணியும் ஒரே இயல்பின அல்ல. பருத்தி நூல் நனைந்தபோது முன்னிலும் வலுப்பெறும். ஆகவே துவாய், கட்டில் விரிப்பு, பருத்திச் சாரம், பெனியன் ஆகியவற்றுக்கு 1000 சுற்று தாராளமாக ஏற்கும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த சீருடைக்கு 800 போதும். அதற்கு மேற்பட்டால் மடிப்புகள் ஆழப் பதிந்து, இஸ்திரிப் பெட்டிக்கு வேலை மிகும். அபாயாக்களிற் பெரும்பாலானவை பொலியெஸ்டர் இழையால் ஆனவை. அவ்விழை இயல்பாகவே நீரை உறிஞ்சாதது. 600 சுற்றிலேயே பெரும்பகுதி வடிந்துவிடும். மணியும் கல்லும் பதித்த அபாயாவையும் நுண்ணிய முக்காட்டுத் துணியையும் வலைப்பையில் இட்டு 400 சுற்றில் விடுதல் நன்று.

ரேயொன் என்னும் விஸ்கோஸ் துணி பார்வைக்குப் பருத்தி போன்றதாயினும் நனைந்தபோது தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். அதற்கு 400, மிஞ்சினால் 600 சுற்றே தகும். பட்டும் ஈரத்தில் நலியும். சரிகைப் பட்டுச் சேலையை இயந்திரத்தில் இடாதிருத்தலே அறிவுடைமை. கம்பளி இழையின் மேற்புறம் நுண்ணிய செதில்களால் ஆனது. அலைப்பும் வெம்மையும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று பற்றி இறுக, ஆடை குறுகிவிடும். குளிர்நீரில் அதற்குரிய மென்மையான ஒழுங்கில் துவைத்து, 400 முதல் 600 சுற்றுவரை பிழிந்து, விரித்து உலர்த்துக.

நீடித்துழைப்பது எது?

இனி இயந்திரத்தைப் பார்ப்போம். ‘மோட்டாருக்குப் பத்தாண்டு உத்தரவாதம்’ என்னும் விளம்பரம் மனத்தைக் கவர்வதே. ஆனால் பெரும்பாலும் முதலிற் பழுதுறுவது மோட்டார் அன்று. தொட்டியின் தண்டைத் தாங்கும் பேரிங், அதனை நீரிலிருந்து காக்கும் இறப்பர் வளையம், அழுக்கு நீரை வெளியேற்றும் பம்பு, மின்னணுப் பலகை ஆகியவையே அடிக்கடி தொல்லை தருவன. ஆதலின் கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்: பத்தாண்டு என்பது மோட்டாருக்கு மட்டுமா, முழு இயந்திரத்துக்குமா? பேரிங்கை மட்டும் தனியே மாற்ற இயலுமா? சில இயந்திரங்களில் வெளித்தொட்டி ஒட்டி மூடப்பட்டிருப்பதால், சிறு பேரிங் தேய்ந்தாலும் முழுத் தொட்டியையும் மாற்ற நேரிடும். உதிரிப்பாகமும் திருத்துநரும் கண்டியிலேயே கிடைப்பார்களா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா? மின்சாரம் தடைப்பட்டு மீண்டால், விட்ட இடத்திலிருந்து தொடருமா?

வகையைத் தெரிவதிலும் நிதானம் வேண்டும். இரட்டைத் தொட்டி இயந்திரம் அருகிருந்து கவனிப்பாரை வேண்டும். எனினும் விலை குறைவு, அமைப்பு எளிது, திருத்துதலும் எளிது. மேல்வாய் இயந்திரத்தில் இடையிலே துணி சேர்க்கலாம், நீர்ச்செலவு அதிகம். முன்வாய் இயந்திரம் ஒரு முறைக்கு ஏறக்குறைய 50 லீற்றர் நீரில் வேலையை முடிக்கும். துணியையும் குறைவாகவே வருத்தும். ஆயின் அதற்கு நுரை குறைந்த சலவைத்தூளே ஆகும். கையால் துவைக்கும் தூளை மிகுதியாக இட்டால், எஞ்சும் படிவு தொட்டியைத் தாங்கும் உலோகச் சட்டத்தை நாளடைவில் அரித்துவிடும்.

இயந்திரம் வீட்டை அடைந்ததும், போக்குவரத்துக்காகத் தொட்டியைப் பிணைத்துள்ள ஆணிகளைக் கழற்றாமல் இயக்குதல் கூடாது. சரிவான நிலத்தில் எழுந்த எமது வீடுகளில் தளம் சமமாக உள்ளதா எனப் பார்த்து, கால்களைத் திருகிச் சரிசெய்க. ஆடும் இயந்திரம் தன் பேரிங்கைத் தானே தின்னும். பல இயந்திரங்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை நீரழுத்தம் வேண்டும். தண்ணீர்த் தாங்கி 3 மீற்றர் உயரத்தில் இருப்பின் கிடைப்பது ஏறத்தாழ 0.3 பார் மட்டுமே. ஆகவே வாங்குமுன் கைந்நூலிற் குறித்த அளவை ஒப்பிடுக. நில இணைப்பும் டிரிப் சுவிச்சும் சரியாக இருத்தல் உயிர்க்காப்பு ஆகும்.

தொட்டியை நெருக்கி நிரப்பாதீர்கள். ஒற்றைக் கனத்த துவாயைத் தனியே சுழற்றவும் வேண்டாம், அது சமநிலையைக் குலைக்கும். வேலை முடிந்தபின் கதவைத் திறந்துவைத்தால் பூஞ்சணம் அணுகாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பின் அவர்கள் தொட்டிக்குள் ஏறாதவாறு மட்டும் காத்துக்கொள்க. மாதம் ஒருமுறை துணியின்றிச் சுடுநீரில் இயக்கினால் படிவும் நாற்றமும் நீங்கும்.

பெரிய எண்ணுக்குப் பணம் கொடுப்பதைவிட, திருத்தத்தக்க பொருளுக்குப் பணம் கொடுப்பதே சிக்கனம். துணி உலரப் போதுமான மிகக் குறைந்த வேகம் எதுவோ அதுவே அத்துணிக்கு உரிய வேகம். இவ்விரண்டையும் கைக்கொண்டால் இயந்திரத்தின் ஆயுளும் துணியின் ஆயுளும் ஒருங்கே நீளும். இல்லத்தில் உள்ளோர்க்கு ஓய்வுப் பொழுதும் மிகும்.