இராச் சாப்பாடு: படம் போகிறது, பீங்கான் போவதில்லை

"இண்டைக்கி ராவைக்கி என்ன ஆக்கின?"

மஃரிபுக்குப் பிறகு எங்கள் குடும்பப் பெண்களின் வாட்ஸ்அப் குழுமத்தில் அன்றாடம் எழும் கேள்வி இது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து இடியப்பமும் கோழிக்கறியும், அக்குறணையிலிருந்து பிட்டும் பாபத்தும், மடவளையிலிருந்து பாணும் பருப்பும், கத்தாரிலிருந்து கொத்து ரொட்டி என்று படங்கள் வரிசையாக வந்து விழும். உங்கள் தொலைபேசியிலும் இப்படி ஒரு குழுமம் இருக்கக்கூடும்.

இதில் பிழை காண நான் வரவில்லை. புதிதாகத் திருமணமான பிள்ளைகள் சமையல் படிப்பது இங்கேதான். மரக்கறி விலை ஏறிய வாரத்தில் கையில் இருப்பதை வைத்து என்ன ஆக்கலாம் என்ற யோசனை கிடைப்பதும் இங்கேதான். வெளிநாட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு உம்மாவின் கைப்பக்குவம் போய்ச் சேருவதும் இந்த வழியாகத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுச் சட்டியில் இருப்பது டோஹாவில் இருக்கும் மச்சிக்குத் தெரிகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்குத் தெரிவதில்லை. கண்டி போன்ற ஊரில் இது சின்ன விடயமல்ல. ஏன் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

பீங்கான் வெறுமையாகத் திரும்பாது

எங்கள் உம்மாமார் காலத்தில் இராச் சாப்பாட்டைப் பகிர்வதென்றால், ஒரு பீங்கானில் போட்டு, மேலே இன்னொரு பீங்கானைக் கவிழ்த்து, பிள்ளையின் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதுதான். அதற்கு எழுதாத ஒரு சட்டமும் இருந்தது. வந்த பீங்கான் வெறுமையாகத் திரும்பக்கூடாது. அன்றே இல்லாவிட்டாலும் இரண்டு நாளில் அதில் ஏதாவது வரும்.

கண்டியில் அந்த "ஏதாவது" பெரும்பாலும் தோட்டத்திலிருந்தே வரும். கண்டிய வீட்டுத் தோட்டம் என்று விவசாயப் பாடத்தில் சொல்வார்களே, அதுதான். பலா, ஈரப்பலா, தென்னை, கமுகு, மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் ஒரே வளவில் அடுக்கடுக்காக நிற்கும். சிங்கள அயலவர் வீட்டிலிருந்து ஒரு பலாப் பிஞ்சோ, ஒரு கைப்பிடி பச்சை மிளகோ, ஒரு கட்டுக் கீரையோ வரும். ஏப்ரல் புத்தாண்டில் பாற்சோறும் கொக்கிஸும் வரும். எங்கள் பெருநாளில் வட்டிலப்பம் போகும். ரமழானில் கஞ்சி போகும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு வயது மிக அதிகம். 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. கண்டி இராச்சியத்துக்குச் சொந்தமாக ஒரு கடற்கரை கூட இருக்கவில்லை. உப்பும் கருவாடும் மலைக்கு ஏறியது தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களில்தான். அந்தத் தொழிலில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு இருந்ததை வரலாற்றுப் பேராசிரியர் லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். மலைநாட்டுக் கிராமத்துச் சட்டியில் விழுந்த உப்பில் எங்கள் முன்னோரின் உழைப்பும் இருந்தது.

எல்லாம் இனிமையாகவே இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1915இல் இதே கண்டியில் கலவரம் மூண்டது. 2018இலும் மூண்டது. அதனால்தான் இந்தப் பேச்சு அவசியமாகிறது.

மார்க்கம் சொல்வது என்ன?

அயலவருக்கு உபகாரம் செய்யுமாறு சூரத்துன் நிஸாவின் 36ஆவது வசனம் ஏவுகிறது. உறவினரான அயலவரையும் உறவல்லாத அயலவரையும் அது சேர்த்தே சொல்கிறது.

நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆணம் சமைத்தால் தண்ணீரைக் கூட்டி, அயல் வீட்டாரையும் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். இதிலுள்ள இலகுவைக் கவனியுங்கள். இறைச்சியைக் கூட்டச் சொல்லவில்லை. தண்ணீரைக் கூட்டச் சொன்னார்கள். அதாவது வசதியில்லாத வீடும் செய்யக்கூடிய காரியம் இது. ஓர் ஆட்டின் குளம்பானாலும் அயல்வீட்டுப் பெண் கொடுப்பதை அற்பமாக எண்ண வேண்டாம் என்று பெண்களை நோக்கிச் சொன்ன ஹதீஸும் உண்டு.

இரண்டு அயலவர் இருந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஆயிஷா (ரழி) கேட்டபோது, யாருடைய வாசல் கிட்டவோ அவருக்கு என்பதே பதில். இது புகாரியில் உள்ளது. வாசலின் தூரம்தான் அங்கே அளவுகோல்.

"அது முஸ்லிம் அயலவருக்குத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் கேட்ட செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்றுள்ளது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு மாவுக் கட்டி செய்த வேலை

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் தன் உணவில் ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் கண்டார். அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. கடையிலிருந்தவர் தமிழ் பேசுபவர், சிங்களம் சரியாகத் தெரியாது. மிரட்டலுக்கு நடுவே தலையாட்டி அவர் சொன்ன அரைகுறை வார்த்தைகள் ஒப்புதல் வாக்குமூலம் போலக் காணொளியாகப் பரவின. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் பரிசோதனையில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரியவந்தது. அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்பதை மருத்துவத் துறையினர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் எங்கள் பக்கத்தில் தெல்தெனியவில் தாக்கப்பட்டிருந்த ஒரு லொறிச் சாரதி, அந்தச் சூடு ஆறுவதற்குள் உயிரிழந்தார். அது ஒரு குற்றம், சட்டம் கவனிக்க வேண்டிய குற்றம். ஆனால் மார்ச் 4, 5ஆம் திகதிகளில் திகனையில் தொடங்கியது வேறு. வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. எரிந்த வீடொன்றில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமானது. அடுத்த நாள் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

இங்கே ஒரு கேள்வி. ஒரு மாவுக் கட்டியை மாத்திரை என்று நம்புவதற்கு மனிதர்கள் ஏன் ஆயத்தமாக இருந்தார்கள்? திட்டமிட்ட வெறுப்புப் பிரசாரம் ஒரு காரணம், அதை மறைக்க முடியாது. ஆனால் அந்தப் பிரசாரம் இலகுவாக ஏறும் காது எது? முஸ்லிம் வீட்டுச் சோற்றை ஒரு நாளும் சாப்பிட்டிராதவரின் காது. இருபது வருடம் ஒரு வீட்டின் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு, பிள்ளை குட்டிகளோடு நலமாக இருப்பவரிடம் மாத்திரைக் கதையை விற்பது கடினம். தொலைபேசியில் வரும் பொய்யை அவருடைய சொந்த வயிறே மறுத்துவிடும்.

திகனைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் பீங்கான்கள் நின்று போயின. அவர்களுக்கு வெட்கம், எங்களுக்குப் பயம். இரண்டு பக்கமும் யார் முதலில் கேட்டைத் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வருட ரமழான் மே மாதத்தில் வந்தது. மூன்றாவது நோன்பன்று அஸருக்குப் பிறகு, பக்கத்து வீட்டு வயதான சிங்கள அம்மா ஒரு தூக்குச் சட்டியோடு மதிலடியில் நின்றார். "மே அவுருத்தே கெந்த நெத்த?" என்றார். இந்த வருடம் கஞ்சி இல்லையா என்று கேட்டார். அவ்வளவுதான். எந்தச் சமாதானக் கூட்டத்திலும் அதைவிடப் பெரிய பேச்சை நான் கேட்டதில்லை.

2022 கற்பித்த பாடம்

பகிர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாக ஏறியது. ஒரு வருடத்துக்கு முன்னர் அது 1,500 ரூபாவுக்கும் குறைவு. அதே ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. கடந்த வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கியதை ஏறக்குறைய 195 ரூபாவுக்கு வாங்க வேண்டியிருந்தது. இராச் சாப்பாட்டை நிறுத்திய வீடுகள் இருந்தன. தேநீரோடு படுத்த பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்த மாதங்களிலும் குழுமங்களில் புரியாணிப் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பார்த்தவர்களில் அன்றிரவு அடுப்பு மூட்டாதவரும் இருந்திருப்பார். மதிலுக்கு மேலால் பீங்கான் போகும் வீட்டில் யாருக்கு அடுப்பு எரியவில்லை என்பது சொல்லாமலே தெரிந்துவிடும். கேட்கக் கூசுபவருக்கும் சாப்பாடு போய்ச் சேரும், ஏனென்றால் அது தர்மமாகப் போவதில்லை, அயல்வீட்டுப் பீங்கானாகப் போகிறது. படத்தால் இது முடியாது.

எப்படிக் கொடுப்பது?

கொடுப்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

1. மாட்டிறைச்சி வேண்டாம். சிங்கள, இந்து அயலவர்களில் பலர் அதைத் தொடமாட்டார்கள். அந்தச் சட்டியில் போட்ட கரண்டியை மற்றக் கறியிலும் போடாதீர்கள். சந்தேகமென்றால் பருப்பு, மரக்கறி, இனிப்பு போதும்.

2. போயா தினத்தை நினைவில் வையுங்கள். சில் எடுப்பவர்கள் நண்பகலுக்குப் பின் உணவு உண்பதில்லை. அன்று இராச் சாப்பாடு அனுப்பினால் அவர்களுக்குச் சங்கடம். மறுநாள் அனுப்புங்கள்.

3. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். சம்பலில் மாசி, வட்டிலப்பத்தில் முட்டை, கறியில் கஜு என்று. மரக்கறி மட்டும் உண்பவருக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கும் இது முக்கியம்.

4. ஆக்கியவுடன் கொடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த கறி வெளியில் இருந்தால் சீக்கிரம் பழுதாகும். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுப்பது நல்லது. மிஞ்சிய பழையதைக் கொடுப்பது கொடுப்பதல்ல.

5. வருவதையும் மலர்ந்த முகத்தோடு வாங்குங்கள். காய்கறி, பழம் என்றால் தயக்கமே தேவையில்லை. சமைத்த உணவில் ஹலால் பற்றிய ஐயம் வந்தால் பணிவாகக் கேளுங்கள். எங்கள் கட்டுப்பாடு அவர்களுக்குத் தெரியும், கேட்டால் கோபிக்கமாட்டார்கள். மேலும் ஐயமென்றால் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கொடுத்ததைப் படம் எடுத்துப் போடாதீர்கள். வாங்கியவரின் மானம் அதில் போகும்.

"இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், நேரம் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. தினமும் கொடுக்கச் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு நாள், ஒரு கறி, கிட்டவுள்ள ஒரு வாசல். "திருப்பி அனுப்பிவிட்டால்?" என்பது இன்னொரு பயம். சிலர் அனுப்பலாம்தான். சாப்பாடு வேண்டாம் என்றவரிடம் நான்கு பழம் கொடுத்துப் பாருங்கள். நேரே சோறு அனுப்பத் தயங்குபவர்கள் பெருநாள் இனிப்பிலிருந்து தொடங்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரசியல்வாதிகளை அழைத்து வருடத்துக்கு ஒரு இப்தார் வைப்பதோடு, பள்ளியைச் சுற்றியுள்ள நாற்பது ஐம்பது வீடுகளுக்கும் கஞ்சி போகிறதா என்று பாருங்கள். செலவும் குறைவு, நிலைப்பதும் அதுதான்.

இன்றிரவும் குழுமத்தில் அந்தக் கேள்வி வரும். படத்தைப் போடுங்கள், சகோதரிகளே. போடுவதற்கு முன்னர் ஆணத்தில் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டி, ஒரு பீங்கானைக் கிட்டவுள்ள வாசலுக்கு அனுப்பிவிடுங்கள்.

அயலவரின் பசியறிந்து நடக்கும் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக.