ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

தென்மராட்சியில் நான் கடமைக்காகச் சென்று வரும் கிராமமொன்றில் இரு சகோதரிகள் ஒரே வீட்டில் வசிக்கின்றனர். மூத்தவர் 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் செல் வீச்சினால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, அன்று முதல் சக்கர நாற்காலியில் இருப்பவர். இளையவர் அதே ஆண்டில் கணவனை இழந்தவர். தையல் வேலை செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார். அவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

2023ஆம் ஆண்டு பெரியக்காவுக்கு, வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பதினான்கு வருடங்களின் பின்னர் அவருக்குக் கிடைத்த முதல் வேலை. ஆனால் தினமும் போய்வருவது எப்படி? பஸ்ஸில் சக்கர நாற்காலியை ஏற்றும்வரை பொறுமையாக நிற்பவர்கள் குறைவு. முச்சக்கரவண்டிக்கு நாளாந்தம் கொடுத்தால் சம்பளத்தில் மிஞ்சுவது மிகச் சொற்பம். ஒரு மாதத்துக்குள் வழி செய்யாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்ற நிலை.

அப்போதுதான் சின்னக்கா என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, சீட்டுக்காசு வருகுது. ஒரு பழைய மொறிஸ் மைனர் வாங்கினால் என்ன?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கார் என்றால் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, அல்லது கல்யாண ஊர்வலத்துக்குப் பூச்சூட்டிக் கொண்டு வருவது என்றே நினைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "வேற வாகனம் எண்டால் லீசிங்கிலைதான் எடுக்கவேணும். கடன்காரன் படலையில வந்து நிக்கிற வாழ்க்கை எனக்கு வேண்டாம்" என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. 2025இல் மீளத் திறக்கும்வரை, இருபது வருடப் பழைய சிறிய கார்கள்கூட எட்டாத விலைக்குப் போயிருந்தன. நுண்கடனால் எத்தனை பெண்கள் நித்திரை இழந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அவருடைய கணக்கை நானும் இருந்து பார்க்கத் தொடங்கினேன்.

எமக்குப் பழக்கமான கார்

உண்மையில் இந்தக் கார்கள் எமக்கு அந்நியமானவை அல்ல. 1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்த பின்னர், யாழ்ப்பாணத்தில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களே. பெற்றோல் இல்லை. சிறிதளவு பெற்றோலில் இயக்கி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூடானால் ஆவியாகும் என்பதே அதன் சூட்சுமம். பழைய இயந்திரங்களின் அமுக்கம் குறைவு என்பதால் அவை அதைத் தாங்கின. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்த இரவில், நடக்க முடியாத என் அம்மம்மா அப்படியொரு ஏ40 காரில்தான் வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது ஐந்து வயது. அந்தப் புகை மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் அதை வடிவமைத்தார். 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அதிலுள்ள ஏ வரிசை இயந்திரம் மினி காரிலும் 2000ஆம் ஆண்டு வரை பொருத்தப்பட்டது. எனவே உதிரிப்பாகத்துக்கு இன்றும் பெரும் பஞ்சமில்லை. 1990களில் தென்னிலங்கையிலேயே இந்தக் காருக்கான தகடுகள் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன.

பார்த்த மூன்று கார்கள்

கார் பார்க்கப் போனபோது, பொருளாதாரத் தடைக் காலத்தில் கராஜ் நடத்திய வயதான மெக்கானிக் ஒருவரையும் அழைத்துச் சென்றோம். நாங்கள் அவரை ஐயா என்றே அழைப்போம்.

முதலாவது கார் ஒரு வீட்டுப் புளியமரத்தின் கீழ் நின்றது. ஐயாவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பதிவுப் புத்தகத்தில் இருந்தது அந்த வீட்டுப் பெண்ணின் கணவருடைய பெயர். அவர் 2009இல் காணாமற் போனவர். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் பெறலாம் என்பது அவருக்குத் தெரியும். "அதை எடுத்தால் அவர் இல்லை எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரியெல்லோ" என்றார். அது மரணச் சான்றிதழ் அல்ல, தேடலை நிறுத்தச் சொல்வதுமல்ல என்று எடுத்துச் சொன்னேன். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு வந்தால் நானும் கூட வருவதாகச் சொன்னேன். அன்று தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். உரிமை மாற்ற முடியாத காரை வாங்கக் கூடாது. அந்தச் சகோதரியை அவசரப்படுத்தவும் கூடாது.

இரண்டாவது கார் பளபளவென்று சிவப்பு நிறத்தில் நின்றது. விற்பவர் உடனே முற்பணம் கேட்டார். சின்னக்காவின் கை பணப்பையைத் திறந்துவிட்டது. ஐயா பேசாமல் சிறிய காந்தத் துண்டொன்றை எடுத்துக் கதவின் அடியிலும் சில்லுக்கு மேலேயும் வைத்துப் பார்த்தார். பல இடங்களில் காந்தம் ஒட்டவில்லை. தகட்டுக்குப் பதிலாகப் பட்டி பூசி, அதற்கு மேல் நிறம் அடித்திருந்தார்கள். பின்னர் முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்திச் சில்லைப் பிடித்து ஆட்டினார். கீழ் மூட்டு தளர்ந்து ஆடியது. மொறிஸ் மைனரின் முன் சில்லைத் தாங்குவது மறை வெட்டிய ஒரு மூட்டு. கிறீஸ் இல்லாமல் அந்த மறை தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடிந்து விழும். "பிள்ளை, வடிவு எங்களைக் காப்பாத்தாது. ஓடவும் வேணும், நிக்கவும் வேணும்" என்றார் ஐயா. சின்னக்கா பணப்பையை மூடினார்.

மூன்றாவது 1960ஆம் ஆண்டுக் கார். நிறம் மங்கி, இருக்கைகள் கிழிந்து கிடந்தது. ஆனால் அடித்தகடு பெரும்பாலும் நல்ல இரும்பு. எண்ணெய் பார்க்கும் கம்பியில் பால் போன்ற நிறம் இல்லை, அதாவது எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. இயக்கியபோது நீலப்புகை சிறிதளவே வந்தது. அது இரண்டு கதவுக் கார் என்பது இன்னொரு நன்மை. நாலு கதவுக் காரை விட இதன் கதவு அகலமானது. பெரியக்கா தானே நாற்காலியைக் கதவோரம் கொண்டுவந்து, கையை ஊன்றி இருக்கைக்கு மாறிப் பார்த்தார். மடித்த நாற்காலி பின் இருக்கையில் அடங்கியது. "இது என்னை ஏத்துது" என்றார். அத்துடன் தெரிவு முடிந்தது.

புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் காரிலுள்ளவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். விற்பவரின் அடையாள அட்டையைப் பார்த்து, உரிமை மாற்றப் படிவங்களில் கையொப்பம் பெற்ற பின்னரே பணம் கொடுக்கப்பட்டது. வரும் சீட்டுக்காசு முழுவதையும் காருக்குக் கொடுக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கைத் திருத்தவேலைக்கென ஒதுக்கி வைத்தார்கள். இதை மறந்தவர்களின் கார்கள்தான் பாதியில் முற்றத்தில் நிற்கின்றன.

எதை முதலில் திருத்துவது?

தினமும் ஓடும் காருக்கும் காட்சிக்கு நிற்கும் காருக்கும் திருத்தும் ஒழுங்கு வேறு. ஐயா போட்ட ஒழுங்கு இது.

முதலில் பிறேக். இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் ஒழுகினால் எல்லாப் பிறேக்கும் போய்விடும். ஆகவே இறப்பர்க் குழாய்கள், சில்லுச் சிலிண்டர்கள், சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே மறைந்திருக்கும் மாஸ்ரர் சிலிண்டர் எல்லாம் புதிதாக்கப்பட்டன.

இரண்டாவது முன் சில்லு மூட்டுகளும் சுக்கானும், அவற்றுடன் நல்ல ரயர்களும்.

மூன்றாவது அடித்தகடு. மொறிஸ் மைனருக்குத் தனியான சட்டகம் இல்லை, உடலே சட்டகம். கடற்காற்றில் உப்பு உள்ள எங்கள் ஊரில் கறள் கீழிருந்துதான் தின்னும். பின் வில்லுத் தகடு பூட்டும் இடத்தில் கறள் பிடித்த துண்டை வெட்டி, புதுத் தகடு ஒட்டினார்கள்.

நான்காவது தண்ணீரும் மின்சாரமும். றேடியேற்றரைக் கழற்றிக் கழுவி, இறப்பர்க் குழாய்களை மாற்றினார்கள். மின் வயர்களில் வெடித்தவை மாற்றப்பட்டன. இங்கே ஒரு தவறு நடந்தது. பற்றறி பூட்ட வந்த ஓர் இளைஞர், இன்றைய கார்களைப் போல எதிர்முனையை உடலுடன் பூட்டிவிட்டார். இந்தப் பழைய கார்களில் உடலுடன் பூட்டப்படுவது நேர்முனை. அதனால் இரண்டு நாள் வேலை வீணாயிற்று. அதன் பிறகு பெரியக்கா ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் அதை எழுதிப் பற்றறிக்கு அருகில் ஒட்டிவிட்டார்.

ஐந்தாவது முன் இருக்கைப் பட்டிகள். அந்தக் காலக் காரில் அவை இல்லை. பலமான தகடு வைத்துப் பூட்ட வேண்டும். பெரியக்காவுக்கு இடுப்புக்குக் கீழே பிடிமானம் இல்லாததால் இது அவருக்கு மிக அவசியம்.

இயந்திரத்தைப் பிரித்தபோது வால்வு இருக்கைகளையும் ஐயா மாற்றச் சொன்னார். ஈயம் கலந்த பெற்றோலுக்கெனச் செய்யப்பட்ட இயந்திரம் இது. இலங்கையில் 2002உடன் அந்தப் பெற்றோல் நிறுத்தப்பட்டுவிட்டது. கடினமான இருக்கை போட்டால் இன்றைய பெற்றோலில் பயமின்றி ஓடலாம்.

நிறம் பூசுவது கடைசி. அதற்குப் பணம் மிஞ்சவில்லை. கறள் தடுக்கும் பூச்சு மட்டும் பூசி, மங்கிய பச்சை நிறத்துடனேயே கார் வீதிக்கு வந்தது. வேலை முடிய ஏழு வாரம் ஆனது. அதுவரை சங்கத்தினர் பொறுத்திருக்கச் சம்மதித்தமை பெரிய உதவி.

பெண்ணுக்கு ஏன் கராஜ்?

இந்த ஏழு வாரமும் சின்னக்கா கராஜுக்குத் தவறாமல் போனார். "கணவன் இல்லாதவள் கராஜில நிக்கிறாள்" என்று ஊரில் பேச்சு எழுந்தது. எமது சமூகத்தில் இயந்திரம் ஆணுக்குரியது, அடுப்பு பெண்ணுக்குரியது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். யுத்தம் அந்தப் பிரிவைப் பார்த்து வரவில்லை. குடும்பச் சுமை முழுவதும் பெண்ணின் தலையில் ஏறிய பிறகும், கருவியைத் தொடும் உரிமையை மட்டும் கொடுக்க மறுப்பது எந்த நியாயம்?

அங்கு நின்றதால் அவர் கற்றது அதிகம். பெற்றோல் பம்பி அடிக்கும் "டிக் டிக்" ஓசையை அறிவார். ஓசை வராவிட்டால் பம்பியை மெதுவாகத் தட்டிப் பார்ப்பார். முதலாம் கியரைக் கார் முற்றாக நின்ற பின்னரே போட வேண்டும் என்பதை அறிவார். எண்ணெயும் தண்ணீரும் ஒவ்வொரு நாளும் காலையில் பார்ப்பார். முன் மூட்டுகளுக்கு மாதம் ஒருமுறை தானே கிறீஸ் அடிக்கிறார். நாற்பத்து மூன்று வயதில் சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். பெரியக்கா ஒரு கொப்பியில் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையையும் மாற்றிய திகதியையும் எழுதி வருகிறார்.

குறைகளும் உண்டு. குளிரூட்டி இல்லை. மழைக்குக் கதவோரத்தால் நீர் கசியும். மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் அவர்கள் ஓட்டுவதில்லை. ஒரு லீற்றருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர்தான் ஓடும். சென்ற மாரியில் இரண்டு நாள் இயங்க மறுத்து, பெரியக்கா முச்சக்கரவண்டியில் போக நேர்ந்தது. ஆனாலும் பெரியக்கா வேலையை இழக்கவில்லை. வீட்டில் கடனும் இல்லை.

அன்பான சகோதரிகளே, எல்லோரும் பழைய கார் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கையில் மேலதிகப் பணமும் அருகில் நம்பிக்கையான மெக்கானிக்கும் இல்லாவிட்டால் இதில் இறங்கவே கூடாது. ஆனால் தையல் இயந்திரமோ, நீர்ப்பம்பியோ, துவிச்சக்கரவண்டியோ, உங்கள் வாழ்வைத் தாங்கும் பொருள் எதுவானாலும் அது எப்படி இயங்குகிறது, எங்கே பழுதடையும் என்பதை அறிந்து வைத்திருங்கள். திருத்தும்போது அருகில் நில்லுங்கள். கணக்கை எழுதி வையுங்கள். வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் பத்திரத்தையும் பலத்தையும் பாருங்கள்.

சென்ற வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். காலை ஏழரை மணி. பெரியக்கா தன் கையை ஊன்றிக் காரில் ஏறி, பட்டியைப் பூட்டிக்கொண்டார். "நிறம் எப்ப அடிக்கப் போறீங்கள்?" என்று கேட்டேன். "அவசரமில்லைப் பிள்ளை. கொப்பியில கடைசிப் பக்கத்தில எழுதி வைச்சிருக்கிறன்" என்றார். சின்னக்கா பிறேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுக் காரைப் படலைக்கு வெளியே எடுத்தார்.