சேலை, மணல், சாம்பல்

மண்ணும் வண்ணமும் – 7

வன்னியின் முள்ளிவாய்க்கால் கரையோரம் மணல் நிலம். அங்கே பங்கர் வெட்டினால் ஓரம் நிற்காது. வெட்ட வெட்டச் சரிந்து குழியை மூடும். போரின் கடைசிக் கட்டத்தில், 2009இன் முதல் மாதங்களில், அந்தக் கரையில் ஒதுங்கிய சனத்திடம் அணை கட்ட மரக்குற்றியும் இல்லை, போதிய சாக்கும் இல்லை. சேலை இருந்தது. ஒவ்வோர் இடப்பெயர்விலும் பத்திரமாகக் காவிவந்த சேலைகளை வெட்டிப் பையாகத் தைத்து, மணல் நிரப்பி, பங்கரைச் சுற்றி அடுக்கினார்கள். கூறைச்சேலையும் அப்படிப் போனது.

கன்வஸில் பல பொருட்களைச் சேர்த்து, கைபட்டால் மேடு பள்ளம் தெரியும்படி செய்யும் ஓவியத்தைப் பற்றியது இந்த வாரக் கட்டுரை. அதை இந்த மணல்மூட்டையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. துணி, தையல், மணல் மூன்றும் இந்தக் கலையின் அடிப்படைப் பொருட்கள். வன்னியில் மூன்றும் ஏற்கெனவே ஒரு பெரிய வேலையைச் செய்திருக்கின்றன. அந்த வேலையை அறியாமல் அவற்றை ஒட்டுபவருக்குச் சொரசொரப்பு மட்டுமே மிஞ்சும். அறிந்து ஒட்டுபவரின் கையில் அதே சொரசொரப்பு பேசும்.

பள்ளிக்கூடத்தில் ஒட்டுச்சித்திரம் செய்யாத பிள்ளை இல்லை. அந்த முறை ஐரோப்பிய ஓவியத்துக்குள் நுழைந்தது 1912இல். பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைப் பிக்காசோ தன் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிவரக் கயிற்றைச் சட்டமாக வைத்தார். நம் பக்கத்தில் அதற்கு வெகு முன்பே தஞ்சாவூர் ஓவியர்கள் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து நகைகளையும் மண்டபத் தூண்களையும் மேடாக எழுப்பி, தங்கத் தகடும் கண்ணாடிக் கல்லும் பதித்து வந்தார்கள். பொருளால் பரப்பை எழுப்பும் வேலை நமக்குப் புதிதல்ல. எந்தப் பொருளை, எதற்காக எழுப்புகிறோம் என்பதே இன்றைக்குரிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு வலுவான பதில் ஒன்றை அல்பேர்ட்டோ புர்ரி தந்தார். இத்தாலியர், படித்தது மருத்துவம். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராக இருந்தவர் 1943இல் துனீசியாவில் பிடிபட்டார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹெரிஃபோர்ட் போர்க்கைதிகள் முகாமில் இருந்தபோதுதான் சாக்குத் துணியில் வரையத் தொடங்கினார். 1946இல் நாடு திரும்பியவர் மருத்துவத்துக்குப் போகவில்லை. 1950களில் அவர் செய்த சாக்கு ஓவியங்களில் கிழிசல் உண்டு, ஒட்டு உண்டு, தடித்த நூலில் போட்ட தையல் உண்டு. பார்த்தவர்கள் காயத்தையும் அதற்குப் போட்ட கட்டையும் கண்டார்கள். புர்ரி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சாக்கே போதும் என்று நம்பினார்.

1968 ஜனவரி நிலநடுக்கத்தில் சிசிலித் தீவின் கிபெல்லினா நகரம் இடிந்து விழுந்தது. சனம் வேறிடத்தில் புது நகரம் அமைத்துக் குடியேறியது. கைவிட்ட இடிபாடுகளை 1984 தொடக்கம் வெள்ளைக் கொங்கிறீட்டால் மூடும் பணியைப் புர்ரி நடத்தினார். பழைய தெருக்களின் தடம் அந்தப் பரப்பில் வெடிப்புகளாக ஓடுகிறது. அவற்றினூடே நடந்து போகலாம். அவர் இறந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 2015இல்தான் அது முழுமை பெற்றது. இடிந்த ஊரை எப்படி நினைவில் வைத்திருப்பது என்று யோசிக்கும் எவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

நமக்குள்ளேயே அந்த யோசனை நடந்துகொண்டிருக்கிறது. 1991இல் பிறந்த ஓவியர் வினோஜா தர்மலிங்கம் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். அவரிடம் தூரிகையின் வேலையை ஊசி செய்கிறது. துணிமேல் துணி வைத்து, நூலோட்டி, மேலிருந்து பார்த்த நிலமாகப் பரப்புகளை ஆக்குகிறார். பங்கர், கூடாரம், எல்லைக்கோடு எல்லாம் அதில் தையலாக வருகின்றன. நிலத்தை மேலிருந்து பார்ப்பது குண்டுவீச வந்த விமானத்தின் பார்வை. தையலோ துணியை மடியில் வைத்து, கண் பதித்துச் செய்யும் வேலை. அந்தத் தூரத்தையும் இந்த நெருக்கத்தையும் ஒரே துணியில் அவர் சேர்த்திருக்கிறார். சேலை மணல்மூட்டையான மண்ணிலிருந்து இப்படியொரு கலை எழுந்தது எனக்குப் பெருமை தருகிறது.

இனி, செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில கைவேலை விபரங்கள்.

முதலில் தளம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கன்வஸ் பாரம் தாங்காது; நடுவில் தொய்யும், தொய்ந்தால் மேலே பூசியது வெடிக்கும். மண்ணும் மணலும் சேர்ப்பதென்றால் கன்வஸைப் பிளைவூட் பலகையில் ஒட்டிவிடுங்கள். தஞ்சாவூர்க்காரர் பலகையில் துணி ஒட்டியதும் இதே நியாயத்தில்தான். பிறகு ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தடவை.

மணல் கடற்கரையிலிருந்து வந்ததென்றால் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். உப்பு நின்றால் மாரியில் ஈரத்தை இழுத்து, வெள்ளையாகப் பூத்து, பெயின்ற்றைத் தள்ளிவிடும். கடைசியாகக் கழுவிய தண்ணீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். வெள்ளைப் படிவு தெரிந்தால் இன்னும் கழுவுங்கள். காய்ந்த மணலைத் தச்சுவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையில், கரண்டியில் அள்ளினால் வழியாமல் நிற்கும் பதத்துக்குக் குழையுங்கள். ஒரு தடவைக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் பூச வேண்டாம். அது நன்றாக இறுகிய பிறகே அடுத்த பூச்சு.

களிமண் காயும்போது சுருங்கும். தனியாகப் பூசினால் பாளம் பாளமாக வெடித்து விழும். மண்வீடு கட்டிய நம் ஆட்கள் வைக்கோலும் உமியும் சேர்த்து மிதித்தது அதற்காகத்தான். பொடியாக வெட்டிய வைக்கோலையும் கொஞ்சம் பசையையும் சேர்த்தால் வெடிப்பு மெல்லிய கோடுகளாக அடங்கும். வைக்கோலின் எல்லாப் பக்கமும் பசை பிடித்திருக்க வேண்டும். திறந்திருக்கும் இடத்தில் பூச்சி புகும், பூஞ்சணம் பிடிக்கும்.

கிறவல் மண் வன்னியின் சொந்த வண்ணம். அதன் சிவப்பு இரும்பின் சிவப்பு, வெயிலில் மங்காது. தண்ணீரில் கரைத்துச் சிறிது நேரம் விட்டால் பரல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை வேறு வாளியில் ஊற்றித் தெளியவிட்டுக் காயவைத்தால் மாவாக நிறம் கிடைக்கும். அடுப்புச் சாம்பலுக்குக் காரத்தன்மை உண்டு. கழுவாமல் பாவித்தால், பெட்டியில் வரும் பிரசியன் நீலத்தைப் பழுப்பாக்கிவிடும். அதையும் கழுவி, காயவைத்து, அரித்து எடுங்கள்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. துருப்பிடித்த இரும்பு ஓவியத்துக்கு அழகு சேர்க்கும் என்று காணிகளுக்குள் தேடிப் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை முகமாலையைப் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக நடந்துவருகிறது. அகற்றி முடித்ததாக அறிவிக்கப்படாத நிலத்தில் எதையும் தொடக்கூடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது, பிறர் பொருள். இடப்பெயர்வில் தப்பிய ஒரு சேலையை, ஒரு சேர்ட்டை ஓவியத்துக்குக் கேட்பவர், கேட்பது என்னவென்று உணர்ந்து கேட்க வேண்டும். வெட்டாமலே அதைப் படத்துக்குள் கொண்டுவரும் வழியும் இருக்கிறது. சேலையின் கரையைத் தட்டையான பலகையில் விரித்து, மேலே மெல்லிய தாள் வைத்து, கரித்துண்டைப் படுக்கப் பிடித்து மெதுவாக உரசினால் சரிகையின் நெசவு அப்படியே எழும். மக்ஸ் ஏர்ன்ஸ்ட் 1925இல் தேய்ந்த மரத்தரையின் ரேகைகளை இவ்வாறு உரசி எடுத்து ஒரு முறையாகவே வளர்த்தார். தாளைக் கன்வஸில் ஒட்டலாம். சேலை வெட்டுப்படாமல் சொந்தக்காரியிடம் திரும்பிப் போகும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ (தோம்பு என்பது காணிப் பதிவேடு) என்ற நூலில், இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீடுகளின் தளப்படங்களைத் தங்கள் நினைவிலிருந்து வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளும் அவர்கள் சொன்ன கதைகளும் ஓவியரின் சித்திரங்களுடன் சம இடத்தில் நிற்கின்றன. பொருள் தருபவரும் படைப்பில் பங்காளி என்பதற்கு அந்த நூல் நல்ல முன்மாதிரி.

அதனால் வன்னியின் சித்திர ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இப்படியொரு படம் செய்யும்போது, கன்வஸின் பின்புறத்தில் ஒரு தாளை ஒட்டச் சொல்லுங்கள். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, அதற்கு முன் என்ன வேலை செய்தது, யார் தந்தார்கள் என்று பிள்ளை அதில் எழுதட்டும். தறப்பாள் துண்டு என்றால் எந்த முகாமில் எத்தனை மழை தாங்கியது என்று வீட்டில் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பிள்ளை, பிறகு காரணமில்லாமல் எதையும் கன்வஸில் ஒட்டாது.

(அடுத்த வாரம்: கிடுகும் பனையோலையும் – வேலியின் பின்னல் ஓவியத்துக்கு வரும் வழி)