வாசலில் ஒரு முல்லைப் பந்தல்

அந்தி வேளையில் பூக்காரியின் குரல் தெருவில் கேட்டதும், முழம் அளந்து வாங்கித் திருப்தியடையும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆயினும், இரவெல்லாம் வீட்டை மணக்கச் செய்யும் கொடிக்கு வாசலோரத்தில் ஒரு சிறு குழி போதும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி வள்ளல் தன் தேரையே ஈந்தான் என்று பெருமையோடு பேசுகிறோம். நாம் தேர் கொடுக்க வேண்டாம். நான்கு மூங்கிற் கழிகள் கொடுத்தாற் போதாதா?

மாலையில் மொட்டவிழும் கொடிகளில் மூன்று நம் நாட்டு வெயிலுக்கு மிகவும் ஏற்றவை. முதலாவது முல்லை. இரண்டாவது, சில ஊர்களில் பிச்சி என்று வழங்கும் ஜாதிமல்லி. மூன்றாவது இரங்கூன் மல்லி. இந்த மூன்றாவது கொடியின் வேடிக்கையே தனி. அந்தியில் வெண்மையாக விரியும் மலர் மறுநாள் இளஞ்சிவப்பாகிப் பின்னர் நல்ல சிவப்பாகிறது. ‘யார்? எத்தகையது?’ என்று பொருள்படும் லத்தீன் பெயரைத் தாவர நூலார் முன்னர் இதற்குச் சூட்டியிருந்தனர்!

இம்மலர்கள் இருட்டில் மணப்பது நமக்காக அன்று. இரவில் பறக்கும் அந்துப் பூச்சிகளை வெண்ணிறத்தாலும் வாசனையாலும் அழைத்து மகரந்தச் சேர்க்கை செய்துகொள்வதற்காகவே. அந்த விருந்தில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது.

இரவில் பூக்கும் கொடியாயினும் அதற்குப் பகலில் நல்ல வெயில் வேண்டும். ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி, மக்கிய தொழு உரமும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, வேர்விட்ட பதியனை மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. நரம்பு பச்சையாயிருக்க இலை மட்டும் வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு என்று அறிய வேண்டும். லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து இலைமேல் தெளித்தால் குணமாகும். மாடி வீட்டார் பெரிய தொட்டியில் வைக்கலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நாம் முதன்முதல் வைத்த முல்லை இரண்டு வருஷம் காடுபோல் மண்டியதே ஒழிய, பூ அபூர்வமாகவே கண்டது. எருவைக் கூட்டினோம், இலைதான் அதிகமாயிற்று. “வெட்டினால்தான் பூக்கும்” என்றார் தோட்ட வேலையில் பழுத்த ஒரு முதியவர். வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பிள்ளையைப் போல் வளர்த்த கொடியின்மேல் கத்தியை வைப்பதா? கடைசியில், தை மாத நடுவில் அவரே வந்து, முழங்காலளவு நிறுத்தி மற்றதெல்லாம் கழித்துப் போட்டார். அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. வெயில் ஏறியதும் கணுவுக்குக் கணு துளிர்த்தது. ஆனி மாதம் பந்தல் முழுதும் மொட்டு!

காரணம் எளிது. முல்லை புதுத் துளிரில்தான் பூக்கிறது. பழங்கொடியைக் கட்டிக் காப்பது இலையைக் காப்பதே. முல்லையை ஜனவரிக் கடைசி வாரத்திலும், ஜாதிமல்லியை டிசம்பர்க் கடைசி வாரத்திலும் தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் விட்டுக் கழிக்க வேண்டும். இரங்கூன் மல்லியைப் பூத்து ஓய்ந்தபின் அடக்கிவிட வேண்டும். இல்லாவிடில் கூரையையே மூடிவிடும்.

“வாசனைக்குப் பாம்பு வருமே!” என்று பாட்டிமார் அஞ்சுவதுண்டு. பாம்பு பூமணத்தைத் தேடி வருவதில்லை. புதரில் ஒளியும் எலியையும் தவளையையும் தேடியே வருகிறது. ஆகவே, பூவுக்காகச் செய்யும் அதே கழிப்பு பாதுகாப்புக்கும் உதவுகிறது. அடியில் சருகு சேராமல் கூட்டிவிட்டால் பயமில்லை.

இப்போது நம் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் பந்தலடியில் எல்லோரும் உட்காருகிறோம். பறித்தது போக மிஞ்சிய முல்லை இருளில் மணக்கிறது. குழந்தைகள் அந்துப் பூச்சிகளை எண்ணுகிறார்கள். முழம் அளந்து வாங்கிய பூவில் இந்த ஒரு நாழிகை கிடைத்ததில்லை.