உங்கள் வைஃபையில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?

ஃபைபர் லைன் போட வந்த தம்பி வேலையை முடித்துவிட்டு, "பாஸ்வேர்டு என்ன சார் வைக்கணும்?" என்று கேட்பார். சட்டென்று நமக்கு நினைவுக்கு வருவது மொபைல் நம்பர்தான். "அதையே போட்டுடுங்க" என்போம். முதல் தவறு அந்த இடத்திலேயே நடந்துவிடுகிறது.

பாஸ்வேர்டைத் திருட நினைப்பவர் நம் ரவுட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். போன் வைஃபையில் சேரும் நொடியில் அதுவும் ரவுட்டரும் சில தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும். பாஸ்வேர்டு அதில் இருக்காது. ஆனால் ஓர் ஊகம் சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்கத் தேவையானது இருக்கும். தெருவில் நின்று அதைப் பதிவு செய்துகொண்டு போனால் போதும், மீதியை அவருடைய கணினி பார்த்துக்கொள்ளும். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். அதாவது, மொத்தமே 400 கோடி எண்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை. அக்கம்பக்கத்துக்காரருக்கோ அந்தச் சிரமமும் வேண்டாம், நம் நம்பர் அவரிடம் இருக்கிறதே!

மொபைல் நம்பருக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். புளியமரம், சைக்கிள், மூக்குத்தி, கடப்பாரை என்பது போல. இருபது எழுத்தைத் தாண்டிவிடும், பாட்டிக்குக்கூட மறக்காது.

ரவுட்டர் அமைப்பில் பாதுகாப்பு முறை என்று கேட்கும் இடத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2. 1997இல் வந்த டபிள்யூஇபி என்ற பழைய முறை 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பழைய ரவுட்டரில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் ரவுட்டரையே மாற்றுங்கள்.

டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமலே எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து உள்ளே வர அது வழி செய்கிறது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கைத் தனியாகவும் அடுத்த நான்கைத் தனியாகவும் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகள்தான். இந்த ஓட்டை 2011இல் வெளியே தெரிந்தது.

வைஃபை பாஸ்வேர்டு வாசல் சாவி என்றால், பீரோ சாவி வேறு. பிரவுசரில் 192.168.1.1 அல்லது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை அடித்தால் நிர்வாகப் பக்கம் வரும். பல வீடுகளில் அதன் பெயரும் பாஸ்வேர்டும் இன்னும் 'அட்மின்', 'அட்மின்' என்றே கிடக்கின்றன. அங்கே நுழைந்தவர் டிஎன்எஸ் முகவரியை மாற்றிவிட்டால், பேங்க் தளத்தைத் தேடிப் போகும் உங்களைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிட முடியும். 2016இல் பரவிய மிராய் என்ற நச்சுநிரல் செய்ததெல்லாம், தயாரிப்பாளர்களே வைத்து அனுப்பும் ஏறத்தாழ அறுபது பாஸ்வேர்டுகளை இணையத்தில் தெரியும் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் போட்டுப் பார்த்ததுதான். அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் திணறடித்தார்கள்.

அந்த நிர்வாகப் பக்கத்திலேயே இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலும் இருக்கும். என் வீட்டில் நாங்கள் நாலு பேர். முதல்முறை பார்த்தபோது பதினொன்று இருந்தன. போன்கள், டிவி, லேப்டாப்கள், பிரிண்டர் என்று பத்துக்குக் கணக்கு வந்தது. ஒன்றுக்குப் பெயரே இல்லை. நெஞ்சு படபடத்தது. ஒவ்வொரு கருவியாக அணைத்துவிட்டுப் பட்டியலைப் புதுப்பித்தேன். அந்தப் பதினொன்றாவது மட்டும் அசையவில்லை. கடைசியில் வாசல் மின்விளக்குப் பக்கம் மாட்டிய கேமராவின் பிளக்கைப் பிடுங்கியதும் மறைந்தது. வெளியாள் இல்லை என்று நிம்மதிதான். ஆனால் அந்தக் கேமராவில் மூன்று வருடமாக நான் பாஸ்வேர்டை மாற்றவுமில்லை, அப்டேட் செய்யவுமில்லை. நான் தேடிய ஆபத்து நானே மாட்டி வைத்தது.

இந்தச் சோதனையில் ஒரு குழப்பம் வரும். ஒவ்வொரு கருவிக்கும் பன்னிரண்டு எழுத்தில் மேக் முகவரி உண்டு; வழக்கமாக முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தாங்களே உருவாக்கிய முகவரியைத் தருகின்றன. பெயர் தெரியாத ஒன்றைக் கண்டதும் திருடன் என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தவர் நம் லைனில் படம் பார்த்தால் போகட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டின் இணைப்பிலிருந்து போயிருந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். போலீஸ் முதலில் வந்து நின்றது அவர் வீட்டில்தான்.

விருந்தாளிகளுக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' திறந்துவிடுங்கள். கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றையும் அதிலேயே போட்டால், அவற்றில் ஒன்று கெட்டாலும் உங்கள் லேப்டாப் பக்கம் வருவது கடினம். முதன்மைப் பாஸ்வேர்டை மாற்ற ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம். மாற்றியதும் எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும்போதே அதன் பெயரையும் முகவரியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.