சின்ன ரிமோட்டின் இரண்டு பாஷைகள்

கிராண்ட்பாஸ் வீதியில் வீரகேசரிக் காரியாலயத்துக்கு அண்மையில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகன் தமது வீட்டு டீவியின் பின்புறத்தில் ஒரு ஸ்டிக்கைச் செருகிக் கொடுத்துவிட்டுப் போனதாகவும், அதனோடு வந்த சின்ன ரிமோட்டில் மற்றப் பொத்தான்களெல்லாம் சொன்னபடி கேட்கையில் சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் மாத்திரம் பேசா மடந்தையாக இருப்பதாகவும், அதனால் மடியில் இரண்டு ரிமோட்டுகளை வைத்துக்கொண்டு தடுமாறுவதாகவும் கூறி, ‘இது பழுதா, அல்லது எனக்குத் தெரியாத சூட்சுமம் ஏதும் உண்டா?’ என்று கேட்கிறார். பழுதன்று, அம்மணி, சூட்சுமந்தான். அதைச் சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனெனில் அந்தச் சிறு கருவியிலுள்ள பொத்தான்கள் அனைத்திலும் மிக விசித்திரமானது இந்த ஒலிப் பொத்தானே என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

ஸ்டிக் எதற்குப் பயன்படுகிறது, இணையத்திலிருந்து படம் எவ்விதம் வந்து சேர்கிறது என்பனவற்றை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆகையால் அவற்றை விட்டுவிடுகிறேன். கவனிக்கவேண்டிய விஷயம் வேறு. மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று கட்டளையிடும் பொத்தான்கள் யாவும் தம்முடைய சொந்த எஜமானனாகிய ஸ்டிக்குடன் பேசுகின்றன; ஒலிப் பொத்தானோ, வேறொரு கம்பெனி வேறொரு தேசத்தில் என்றோ செய்துவைத்த டீவியுடன் பேசியாகவேண்டும். ஸ்டிக் டீவியின் முதுகுப்புறத்தில் மறைந்து தொங்குவதால் ஒளிக்கதிர் அதனிடம் எளிதில் எட்டாது. எனவே அதனுடன் பேசுவதற்குப் புளூடூத் என்னும் வானொலி அலையையோ, ரோகு போன்ற சில சாதனங்களில் வைஃபை அலையையோ அமைத்திருக்கிறார்கள். டீவிக்கு அந்த ரிமோட்டின் அலைப் பாஷை தெரியாது; அது பிறந்த நாள் முதலாக அறிந்தது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை. கிராண்ட்பாஸில் நான் சாமான் வாங்கும் பலசரக்குக் கடைக்காரர், என்னிடம் பருப்பின் விலையைத் தமிழில் சொல்லிக்கொண்டே, பக்கத்தில் நிற்பவருக்கு மிச்சக் காசைச் சிங்களத்தில் எண்ணிக் கொடுப்பார். இரண்டு பாஷைகளுக்கிடையே அவர் ஒரு கணமேனும் தயங்கி நான் கண்டதில்லை. அவ்வளவு சரளமாகவே இந்தச் சின்ன ரிமோட்டும், ஒரு பொத்தானுக்கு அலையையும் அடுத்த பொத்தானுக்கு ஒளியையும் பிரயோகிக்கிறது.

அந்த ஒளியை நேரில் பார்க்க விரும்புவோர், கைத்தொலைபேசியின் முன்புறக் கெமராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியை அதற்கு நேரே பிடித்து ஒலிப் பொத்தானை அழுத்தட்டும். வெறுங்கண்ணுக்கு இருண்டு கிடக்கும் அந்த நுனியில் வெளிறிய ஊதா நிறத்திலே ஒரு பொட்டு விட்டுவிட்டு மினுங்குவது திரையில் தெரியும். (பின்புறக் கெமராக்களில் இவ்வொளியைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் இருப்பதால், அவற்றில் தெரியாமற் போகலாம்.) பிறகு மேலே செல்லும் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பொட்டு தோன்றாது, ஏனெனில் அது அலைவழியே போய்விட்டது. ஒலிப் பொத்தானுக்கும் பொட்டுத் தோன்றாவிட்டால், அந்த ரிமோட்டுக்கு உங்கள் டீவியின் பாஷை இன்னும் கற்பிக்கப்படவில்லை என்று ஊகித்துக்கொள்ளலாம். டீவி பழுதுபார்ப்போர் நாள்தோறும் கையாளும் யுக்தி இது. புதிய பற்றரி வாங்குமுன் வீட்டிலும் செய்து பார்க்கத்தக்கது.

அந்த மினுங்கலுக்குள் இருக்கும் ஒழுங்கு வியப்புக்குரியது. சூரியனும், மின்குமிழும், சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பைச் சொரிந்துகொண்டிருப்பதால், அந்தக் கூட்டத்தில் தன் குரல் தனித்துக் கேட்கவேண்டி, ரிமோட் தன் ஒளியை ஒரு செக்கனுக்குச் சுமார் 38,000 தடவை அணைத்தணைத்து ஏற்றுகிறது. டீவியின் கண்ணோ அந்த வேகத் துடிப்பை மட்டும் ஏற்று, ஏனையவற்றைத் தள்ளிவிடுகிறது. மிகப் பரவலாக வழங்கும் ஜப்பானிய என்இசி முறையில், முதலில் 9 மில்லிசெக்கன் நீளும் ஓர் ஒளி, அதன்பின் 4.5 மில்லிசெக்கன் மௌனம். அதைத் தொடர்ந்து 32 குறிகள். ஒளிக்குப்பின் வரும் இடைவெளி குறுகியதானால் பூச்சியம், நீண்டதானால் ஒன்று. யாருக்கு என்ற விலாசத்தையும் என்ன செய்யவேண்டும் என்ற கட்டளையையும் ஒருமுறை நேராகவும் மறுமுறை தலைகீழாகவும் சொல்லி, இரண்டும் ஒத்துவந்தாலன்றி டீவி அசையாதபடி செய்திருக்கிறார்கள். பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால், முழுச் செய்தியையும் திரும்பச் சொல்லாமல், ‘இன்னும் அழுத்துகிறார், இன்னும் அழுத்துகிறார்’ என்பதற்கு ஈடான ஒரு குறுஞ்சமிக்ஞையைச் செக்கனுக்கு ஏறக்குறைய ஒன்பது தடவை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒலி படிப்படியாக ஏறுவது அதனாலேயே. பிலிப்ஸ் கம்பெனியின் முறையில் துடிப்பு 36,000. அங்கே ஒவ்வொரு புதிய அழுத்தத்துக்கும் மாறுகின்ற ஒரு குறி உண்டு. ஆகவே, பொத்தானைப் பிடித்தபடி இருக்கையில் யாரேனும் குறுக்கே நடந்து கதிரை மறித்தாலும், அதை இரண்டாவது அழுத்தமென்று டீவி எண்ணி ஏமாறுவதில்லை.

ஒளியைத் தொலைவிலிருந்து வீசி டீவியை ஆளும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் செனித் கம்பெனியைச் சேர்ந்த யூஜின் பாலி 1955இல் திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரும் கண்களைப் பதித்து, கைவிளக்கு போன்றதொரு கருவியால் அவற்றை இயக்கினார். வெயில் பட்டாலும் அந்தப் பெட்டிகள் தாமே இயங்கத் தொடங்கிவிட்டன. மறுவருஷமே அதே கம்பெனியின் ராபர்ட் அட்லர், அலுமினியத் தண்டுகளைத் தட்டிச் செவிக்கெட்டாத ஒலியை எழுப்பும், பற்றரியே வேண்டாத ஒரு ரிமோட்டைத் தந்தார். 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் நம் நாட்டிலே ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அந்தக் கருவிகளுக்கு இரு தசாப்தத்துக்கு மேல் வயதாகியிருந்தது.

இனி வாசகியின் சங்கடத்துக்கு வருவோம். ஒவ்வொரு கம்பெனியின் டீவிக்கும் விலாசமும் கட்டளைக் குறிகளும் வெவ்வேறாதலால், புதிய ரிமோட்டுக்கு, ‘உன் முன்னே இருப்பது இன்ன கம்பெனியின் டீவி’ என்று எவரேனும் சொல்லித் தரவேண்டும். அமேசானின் ஃபயர் டீவி ஸ்டிக்கில் 2018இல் வந்த 4கே ரகத்திலிருந்து இந்த ஒலிப் பொத்தான் இருக்கிறது. முதன்முதலாக இணைக்கும்போது அது டீவியின் பெயரைக் கேட்டு, சிறிது சங்கீதம் இசைத்து, ஒலி கூடிற்றா, குறைந்ததா என்று விசாரிக்கும். விமானத்துக்கு நேரமாகிவிட்ட மகன்மார் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பரவாயில்லை, அமைப்புகளுக்குள் உபகரணக் கட்டுப்பாடு என்னும் பகுதிக்குப் போய் அதே விசாரணையை மறுபடியும் தொடங்கலாம். கூகுள் டீவியில் ரிமோட்டுகளுக்கென்று உள்ள பகுதியிலும், ஆப்பிள் டீவியில் ரிமோட்டுகளும் சாதனங்களும் என்ற பகுதியிலும் ஒலிக்கட்டுப்பாடு என்று தனியே இருக்கிறது.

ஒளியின்றியே டீவியுடன் பேசுவதற்கு வேறொரு மார்க்கமும் உண்டு. உண்மையைச் சொன்னால், என் மனத்தைக் கவர்ந்தது அதுவே. ஸ்டிக்கை டீவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வாயினுள்ளே 19 ஊசிகள் இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை படத்தையும் ஒலியையும் சுமந்து, 2013இல் வந்த பதிப்பிலே செக்கனுக்கு 18 கிகாபிட் வரையில் பாய்கின்றன. பதின்மூன்றாவது ஊசி மாத்திரம் தனித்து நிற்கிறது. அதன் வழியே செக்கனுக்குச் சுமார் 400 குறிகளே நடக்கும். ‘ஒலியைக் கூட்டு’ என்ற ஒரே ஒரு கட்டளையைச் சொல்லி முடிக்க ஏறத்தாழ 76 மில்லிசெக்கன் செல்கிறது. அதற்குள் பக்கத்து ஊசிகள் நான்கு முழுப் படங்களைத் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆயினும் அந்த மெதுவான ஒற்றைக் கம்பியிலே எத்தனை மரியாதை! அதில் தொடுக்கப்பட்ட சாதனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பிதான். டீவிக்கு எப்போதும் பூச்சியம் என்ற விலாசம், தனி ஒலிபெருக்கிக்கு ஐந்து, படம் தருகிற பெட்டிக்கு நான்கு, எட்டு அல்லது பதினொன்று. ஒருவர் பேசும்போது ஏனையோர் காத்திருக்கிறார்கள். யாரை விளித்ததோ அவர், ஒவ்வொரு எட்டுக் குறிகளுக்கும் பின்னர் கம்பியின் மின்னழுத்தத்தைத் தாழ்த்தி, ‘கேட்டேன்’ என்று ஒப்புதல் தருகிறார். இந்தக் கம்பிக்கான இடத்தை எச்டிஎம்ஐயின் முதற் பதிப்பு வெளியான 2002 டிசம்பரிலேயே ஒதுக்கிவிட்டார்கள். முழு விதிமுறைகள் 2005இல் வகுக்கப்பட்டன.

இவ்வளவு உபகாரமான ஒரு வசதியை மக்கள் அறியாதிருப்பதற்கு உற்பத்தியாளரே பெரிதும் காரணம் என்பேன். விதிமுறை ஒன்றாயிருக்க, சாம்சங் அதனை அனிநெட் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், பனசோனிக் வியரா லிங்க் என்றும் தத்தம் பெயரிட்டு, அமைப்புகளின் ஆழத்தில் ஒளித்துவைத்து, பல டீவிகளில் அணைத்தே விற்கின்றன. கூடவரும் கைநூலில் பெரும்பாலும் தமிழில் ஒரு வரி கிடையாது, சிங்களத்திலும் கிடையாது. இந்நாட்டு மக்களின் காசைப் பெறுவோர், அவர்கள் வாசிக்கும் பாஷையில் நாலு வரி அச்சிட்டுத் தருவது பெரிய பிரயாசையா? இன்னொன்றும் சொல்லவேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ நடைபாதையிலோ மலிவாக வாங்கும் எச்டிஎம்ஐ வயர்களிற் சிலவற்றில் அந்தப் பதின்மூன்றாவது கம்பியே போடப்பட்டிருப்பதில்லை. படம் பழுதின்றி வரும். ஒலிக் கட்டளை மட்டும் போய்ச் சேராது. பெட்டியை வயரினால் இணைத்திருப்போர், ரிமோட்டைக் குறைகூறுமுன் வயரை மாற்றிப் பார்க்கவேண்டும்.

மலிவான ஆண்ட்ராய்டு பொக்ஸ்கள் சிலவோ, ஒளியாலும் பேசாமல் கம்பியாலும் பேசாமல், தாம் அனுப்பும் ஒலியையே உள்ளுக்குள் சுருக்கிக் கொடுக்கின்றன. தீமை தொடங்குவது இங்கேதான். பொக்ஸில் ஒலியைக் குறைத்துவைத்த வீட்டார், அது போதாதென்று டீவியின் பழைய ரிமோட்டால் அதன் ஒலியை எண்பதுக்கு ஏற்றிவிடுகிறார்கள். படம் முடிந்து செய்தி பார்க்கச் சாதாரண அலைவரிசைக்கு மாறியதும் டீவி வீடதிர முழங்குகிறது. கிராண்ட்பாஸின் தோட்டங்களிலே, ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பங்கள் வசிக்கும் தொடர்வீடுகளிலே, அம்முழக்கம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. மதிலுக்கு அப்பால் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். பேலியகொடைச் சந்தையில் மூட்டை தூக்க அதிகாலை மூன்று மணிக்கு எழவேண்டிய நாட்டாமி ஒருவர் எட்டு மணிக்கே கண்ணயர்ந்திருக்கிறார். டீவி நம்முடையதாயினும் அதன் ஒலி நம்முடையது மட்டுமன்று என்ற எண்ணம் நம்மிடையே தேய்ந்துவருவது எனக்கு மெய்யாகவே துக்கத்தைத் தருகிறது. இத்தகைய பொக்ஸ் வைத்திருப்போர், பொக்ஸின் ஒலியை நிறைவாக ஏற்றிவிட்டு, கூட்டலையும் குறைத்தலையும் டீவியிலேயே செய்துகொள்ளவேண்டும். ஒலியின் தரமும் அப்போதுதான் கெடாது. இலக்க முறையில் ஒலியை ஆறு டெசிபெல் சுருக்குந்தோறும் அதன் நுட்பத்தில் ஒரு பிட் தேய்ந்துபோகிறது.

வீட்டு இளைஞருக்கு ஒரு வார்த்தை. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் விலையுயர்ந்த சாதனத்தை வாங்கித் தந்துவிட்டு, அதன் ஒலிப் பொத்தானைப் பழக்காமற் போவது அரைகுறை அன்பாகும். செவி மந்தமாகும் வயதில், தானே ஒலியைக் கூட்டிக்கொள்ளவும், தொலைபேசி மணி அடித்தால் உடனே குறைத்துக்கொள்ளவும் முடிவது ஒரு சுதந்திரம். ஒவ்வொரு தடவையும் பேரனைக் கூப்பிடவேண்டியிருப்பது அவர்களுக்கு மௌனமான அவமானம். பத்து நிமிஷ வேலை அது.

டீவியின் பெயர் பட்டியலிலேயே இல்லாத அபூர்வ ரகமாயிருந்தாலும் மனந்தளர வேண்டியதில்லை. ஆப்பிள் டீவியில் புதிய சாதனத்தைக் கற்றுக்கொள் என்றொரு வசதி உண்டு: பழைய டீவி ரிமோட்டைப் பொக்ஸின் முகத்துக்கு நேரே பிடித்து, ஒலியைக் கூட்டும் பொத்தானைத் திரையிலுள்ள கோடு நிரம்பும்வரை அழுத்தவேண்டும், பிறகு குறைக்கும் பொத்தானுக்கும் அவ்வாறே. பழையதன் சமிக்ஞையைப் பொக்ஸ் கிரகித்துக்கொள்ள, புதிய ரிமோட் அதையே திரும்பச் சொல்லும். ஆகவே, எந்த வீட்டிலும் புதிய ரிமோட் பாடத்தைப் படித்து முடிக்குமுன் பழையதை எறிந்துவிடாதீர்கள். படித்து முடித்தபின் அதன் பற்றரிகளைக் கழற்றிவிட்டு லாச்சிக்குள் வையுங்கள். கழற்றாமல் வைத்தால் அவை கசிந்து உள்ளிருக்கும் உலோகத் தகடுகளை அரித்துவிடும்.