ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட்?

ஒரு குட்டிக் கணக்கு ஃப்ரெண்ட்ஸ்! ஆபரேஷன் முடிந்தவர்கள் இருக்கும் வார்டில் ஒரு நர்ஸ் நாலு பேஷன்ட்களைப் பார்த்துக்கொள்கிறார். ஐந்தாவதாக இன்னொருவரையும் அவர் தலையில் கட்டினால் என்ன ஆகும்?

'கொஞ்சம் வேலை கூடும், அவ்வளவுதானே!' என்கிறீர்களா? விடை அதைவிட சீரியஸ். அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னவரும் ஒரு நர்ஸ்தான். பெயர் லிண்டா எய்க்கன், நாடு அமெரிக்கா.

'நர்ஸுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி?' என்று கேட்கிறவர்கள் நம்மில் நிறைய. எய்க்கன் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் நர்சிங்கில் இளநிலை, முதுநிலை இரண்டும் முடித்தார். வார்டில் வேலை பார்த்தார், நர்சிங் மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தார். பிறகு டெக்சாஸில் பிஎச்.டி. எதில் தெரியுமா? சமூகவியலில்! ஒரு ஆஸ்பத்திரி எப்படி இயங்குது என்பதே அவருக்கு ஆராய்ச்சிப் பொருள் ஆகிவிட்டது. 1988-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, இதற்காகவே ஒரு ஆய்வு மையத்தை உருவாக்கினார்.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகள், ஆபரேஷன் செய்துகொண்ட 2,32,342 பேரின் ரெக்கார்டுகள், 10,184 நர்ஸ்களிடம் வாங்கிய பதில்கள்... எல்லாவற்றையும் எய்க்கன் குழு அலசியது. 2002-ல் ரிசல்ட் வெளியானது. ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷன்ட் கூடினால், 30 நாளுக்குள் பேஷன்ட் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது!

பயந்துடாதீங்க, நூறு பேரில் ஏழு பேர் கூடுதலாகச் சாகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கிற வாய்ப்பு அதில் 7 சதவீதம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால், இது கூட்டு வட்டி மாதிரி ஏறும். நாலு பேஷன்ட் எட்டானால் 31 சதவீதம். கால்குலேட்டரில் 1.07-ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்க, புரியும்!

ஏன் இப்படி? ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு நாடித்துடிப்பு எகிறுவதை, மூச்சு வாங்குவதை, பேச்சு குழறுவதை முதலில் கவனிப்பது நர்ஸ். அந்த நேரம் அவர் வேறு கட்டிலில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால்? காப்பாற்றக்கூடிய உயிரும் கை நழுவிவிடும். நர்ஸ்களுக்கும் இதில் அடி உண்டு. ஒவ்வொரு கூடுதல் பேஷன்ட்டுக்கும் அவர்கள் மனசு சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் ஏறியிருந்தது.

அடுத்த வருஷமே இன்னொரு குண்டு! பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு ஒரு ஆஸ்பத்திரியில் 10 சதவீதம் கூடினால், இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைகிறது என்றது 2003-ல் வந்த ஆய்வு. ஆக, கிளாஸ் ரூமில் ஒரு நர்சிங் டீச்சர் சொல்லிக்கொடுப்பது நேராக வார்டில் போய் எதிரொலிக்கிறது!

'அதெல்லாம் சரி, இது வெறும் ஒப்பீடுதானே? நர்ஸ் அதிகம் உள்ள ஆஸ்பத்திரி வேறு காரணத்தால்கூட நல்லா இருக்கலாமே?' என்று மடக்குகிறீர்களா? சபாஷ், நியாயமான கேள்வி! அதற்குப் பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-ல், குறிப்பிட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் பகலில் நாலு பேருக்கு ஒரு நர்ஸ், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டம் போட்டது. சட்டம் பொருந்திய 27 ஆஸ்பத்திரிகளையும் பொருந்தாத 28 ஆஸ்பத்திரிகளையும், சட்டத்துக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தார்கள். அந்தக் குழுவிலும் எய்க்கன் உண்டு. 2021-ல் வெளியான முடிவு... நர்ஸ்களைக் கூட்டிய இடத்தில் மரணம் குறைந்தது. பேஷன்ட்கள் சீக்கிரம் வீடு திரும்பியதில் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்கு!

கவனிச்சீங்களா? வார்டில் நின்ற அனுபவம் இல்லாமல் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. ஆராய்ச்சி இல்லாமல் அது வெறும் புலம்பலாகவே போயிருக்கும். பாடம் நடத்தாவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

இந்தப் பாதை இங்கேயும் திறந்துதான் இருக்கு. வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பு வந்துவிட்டது. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், எம்.எஸ்சி. ரெண்டு வருஷம், அதுக்கு மேலே பிஎச்.டி.யும் உண்டு.

அதனால, ப்ளஸ் டூ முடிச்ச உங்க தம்பியோ தங்கச்சியோ 'நர்சிங் படிக்கப் போறேன்'னு சொன்னா, 'ஊசி போடுற வேலைக்கா?'ன்னு கலாய்க்காதீங்க. 'வார்டில் எதை முதலில் கணக்கெடுக்கப் போறே?'ன்னு கேளுங்க!